சொந்த ரத்த அழுத்தம்

பதினாலாம் கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் போட்ட முதல் ஆள் ஆமையண்ணன்தான். வாரியம் ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கட்டத்தில் யாரும் பேனாவை வைத்ததில்லை. படிவத்தை வாங்கிய குமாஸ்தா, மை சிந்திவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்.

ஆமையண்ணன் என்பது துறைமுகத்தில் வைத்த பெயர். நாற்பத்தெட்டு வயது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் இறங்கி, ஒட்டிக் கிடக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது அவர் தொழில். வேகமாகச் செய்யத் தெரியாது, அரைகுறையாகச் செய்யவும் தெரியாது. ‘ஆழ்நீர்ப் பணியாளர் உடற்தகுதி வாரியம்’ வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துத் தகுதி அட்டை கொடுத்தால்தான் அவர் தண்ணீரில் கால் வைக்கலாம். அட்டை இல்லாத டைவர், துறைமுகத்தைப் பொறுத்தவரை நீச்சல் தெரியாத ஆள்.

பதினாலாம் கேள்வி இதுதான்: ‘தாங்கள் தொடர்ந்து மருந்து ஏதும் உட்கொண்டு வருகிறீர்களா?’

“அண்ணே, கை தவறிடுச்சு போல,” என்றார் குமாஸ்தா. “வேற படிவம் தர்றேன்.”

“தவறல சார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன். காலையில ஒண்ணு.”

வரிசையில் பின்னால் நின்ற டைவர்கள் அத்தனை பேரும் திடீரென்று சுவரில் மாட்டியிருந்த மீன் படத்தை ரசிக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் ஆமையண்ணனின் மச்சினன் தவளையும் ஒருவன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவன் படத்துக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டான்.

“மெதுவாப் பேசுங்கண்ணே. ஊரோட ஒத்து வாழ வேண்டாமா? ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க, என் ஆபீசுக்குள்ள வந்து ஏன் இப்படிப் பண்றீங்க?”

ஊர் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினாலாம் கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டவருக்கு வாரியம் ரத்த அழுத்தத்தை அளக்காது. மருந்து சாப்பிடாதவருக்கு நோய் இல்லை. நோய் இல்லாதவரை அளப்பது பொது நேரத்தை வீணாக்குவது என்று சுற்றறிக்கையே இருக்கிறது. ஆனால் பொய் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதனால் சிறுநீரைப் பிடித்து, மருந்தின் தடம் இருக்கிறதா என்று மட்டும் கறாராகப் பார்ப்பார்கள். படகில் ஏறும்போது பையைத் துழாவி மாத்திரை அட்டை தேடுவார்கள். ஆகவே பிரஷர் உள்ள டைவர்கள் பரிசோதனைக்கு இருபது நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இதற்குப் ‘பத்தியம்’ என்று பெயர். உலகத்தில் மருந்து சாப்பிடும்போது பத்தியம் இருப்பார்கள். இவர்கள் மருந்தையே பத்தியமாக விட்டார்கள்.

ஆமையண்ணனும் அப்படிப் பத்தியம் இருந்திருப்பார். துறைமுக மருத்துவமனை டாக்டரம்மா பயமுறுத்தியிருக்காவிட்டால்.

நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று நாலு என்று அந்த அம்மாள் அளந்து சொன்னபோது, ஏதோ நல்ல மதிப்பெண் என்றுதான் அவர் நினைத்தார். டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள இறங்கினதும் கை கால்ல இருக்குற ரத்தத்தையெல்லாம் தண்ணி நெஞ்சுப் பக்கம் தள்ளும். பிரஷர் ஏறிக் கிடக்குற இதயம் அந்தச் சுமையைத் தாங்காமப் போகலாம். நுரையீரல்ல நீர் கோத்துக்கும். கடல் தண்ணி ஒரு சொட்டு வாய்க்குள்ள போகாமலே ஆள் உள்ளுக்குள்ள மூழ்கிடுவான். புரியுதா?”

புரிந்தது. இருபத்து மூன்று வருஷம் வெளித் தண்ணீருக்கு மட்டும்தான் பயந்திருந்தோம் என்பதும் புரிந்தது.

மாத்திரை உடம்புக்குப் பிடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று டாக்டரம்மா ஆறு வாரம் தண்ணீர் பக்கமே விடாமல் பார்த்தார். ஓடும் இயந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டார். இதயத்தைப் படம் எடுத்தார். கடைசியில் அழுத்தம் நூற்று இருபத்தாறுக்கு எண்பது என்று வந்து நின்றதும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

“மாத்திரையோட இறங்கலாம். நிறுத்திட்டு இறங்கக் கூடாது. கீழ இருமல் வந்தாலோ மூச்சு முட்டினாலோ அடுத்த நிமிஷம் மேல வந்துடணும். அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிய சமாசாரம் என்று வாரியத்தின் தலைமை மருத்துவர் அறையில்தான் தெரிந்தது.

தலைமை மருத்துவர் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு தானே அழுத்தத்தை அளந்தார். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. முகம் சுருங்கியது.

“நல்லாத்தானே இருக்கு,” என்றார், குறை சொல்வது போல.

“மாத்திரை சார்.”

“அதான் பிரச்சனை. இது உங்க பிரஷர் இல்ல. மாத்திரையோட பிரஷர்.”

“என் கையிலதானே சார் அளந்தீங்க?”

“கை உங்களது. அழுத்தம் அதோடது. மாத்திரைக்கு வேணா அட்டை குடுக்கலாம், அது தகுதியாத்தான் இருக்கு. உங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? பதினாலு நாள் நிறுத்திட்டு, உங்க சொந்த பிரஷரைக் கொண்டுட்டு வாங்க.”

ஆமையண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சலவை நிலையத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள். கையிலும் பேச்சிலும் சூடு இருக்கும்.

“கண்ணாடி போட்டவரைப் பாத்து, கழட்டிட்டு வா, உன் சொந்தப் பார்வையில ரோட்டைக் கடந்து காட்டுன்னு சொல்லுவானா அந்த ஆளு?”

“அவரு டாக்டரு.”

“நம்ம டாக்டரம்மா மட்டும் யாராம்? இட்லி விக்கிறவங்களா?”

ஆனாலும் தகுதி அட்டை வேண்டுமே. பதினாலு நாள் மாத்திரை அட்டை அலமாரியின் மேல் கிடந்தது. டாக்டரம்மாவிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பதாம் நாளில் இருந்து பின்மண்டையில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்தது. மனைவி அவரைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சை எண்ணினாள். அவள் எண்ணுகிறாள் என்று தெரிந்து அவருக்கு மூச்சு தாறுமாறாகியது.

பதினைந்தாம் நாள் நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று ஆறு.

தலைமை மருத்துவர் எழுந்து கை கொடுத்தார். “இது உங்களது. கலப்படம் இல்லாதது.” உட்கார்ந்து எழுதினார்: ‘தகுதியற்றவர். உடனடியாக மருந்து உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார்.’

“மருந்து சாப்பிட்டா அட்டை கிடைக்குமா சார்?”

“மருந்து சாப்பிட்டா பதினாலாம் கேள்வி வருமே,” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல.

அன்றே மனைவி மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தாள். அவர் விழுங்கும்வரை இடத்தை விட்டு நகரவில்லை. எங்கே துப்பிவிடுவாரோ என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் டாக்டரம்மாவிடமும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே விழுந்த வசவைத் தனியாக எழுத வேண்டும்.

அவர் மேல்முறையீடு செய்தார். குழு கூடிய அறையில் ஏசி ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வாளி வைத்திருந்தார்கள். வாரியம் தண்ணீரோடு நேரடியாகத் தொடர்பு வைத்திருந்த ஒரே இடம் அது. தலைவர், பொறியாளர் உறுப்பினர், சட்ட உறுப்பினர் என்று மூன்று பேர்.

“மனுஷனைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றார் பொறியாளர் உறுப்பினர். “முதல்ல இந்த மாத்திரை தண்ணிக்குத் தாங்குமா? அதைப் பாத்தீங்களா யாராவது?”

யாரும் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வந்தது. மாத்திரை போடப்பட்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நாலு நிமிஷத்தில் மாத்திரை கரைந்து அடியில் மாவாகப் படிந்தது. பொறியாளர் உறுப்பினர் நிமிர்ந்தார்.

“எழுதிக்கங்க. நீரில் கரைகிறது. எனவே நீருக்கடியில் பயன்படாது.”

“ஐயா, அதை நான் கரையிலேயே முழுங்கிடுறேன்,” என்றார் ஆமையண்ணன்.

“வயித்துல தண்ணி இல்லையா உங்களுக்கு?”

தலைவர் கையை உயர்த்தினார். பேசப் போகிறார் என்று தெரிந்து உறுப்பினர்கள் இருவரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

“உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. பாதுகாப்பு மேல உள்ள அக்கறைதான். ஒரு விஷயம் சொல்றேன், பெருமைக்காகச் சொல்லல. இந்த இருபத்திரண்டு வருஷத்துல, மருந்து சாப்பிடுறவர் ஒருத்தர்கூட நம்ம துறைமுகத் தண்ணியில செத்ததில்ல. ஒருத்தர்கூட. செத்தது பதினோரு பேர். பதினோரு பேரும் முழுத் தகுதியோட செத்தவங்க. கோப்பு எல்லாம் சுத்தமா இருக்கு, நீங்களே பாக்கலாம். இந்த நல்ல பேரை ஒரு ஆளுக்காக நான் கெடுத்துக்கணுமா?”

சட்ட உறுப்பினர் லேசாகத் தலையாட்டினார். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

அட்டை கிடைக்கவில்லை; ஆனாலும் ஆமையண்ணனைப் படகிலிருந்து எடுக்கவில்லை. இறங்குகிற டைவரின் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றின் மேல் நுனியைப் பிடிக்கிற வேலை தந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். ஆனால் அவர் அந்தக் கயிற்றை வேறு எவரையும்விடக் கவனமாகப் பிடித்தார். கீழே ஆள் திரும்புகிறானா, சுரண்டுகிறானா, சும்மா மிதக்கிறானா என்று உள்ளங்கையிலேயே படித்தார்.

அடுத்த வருஷப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு சரக்குக் கப்பலின் அடியில் இறங்கியது தவளை.

“மாப்ள, மாத்திரை போட்டியா?” என்று படகு கிளம்புமுன் ஆமையண்ணன் காதோடு கேட்டார்.

“பத்தியம் அத்தான். இன்னிக்குப் பதினேழாம் நாள்.”

“நிறுத்திட்டு இறங்காதேன்னு டாக்டரம்மா உனக்கும்தானே சொன்னாங்க?”

“அட்டை போயிட்டா உங்களை மாதிரி கயிறு பிடிக்கவா?” என்றான். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்து, “சும்மா சொன்னேன் அத்தான்,” என்று தோளைத் தட்டிவிட்டுக் குதித்தான்.

பன்னிரண்டாவது நிமிஷம் கயிறு நடுங்கியது. சைகை இல்லை, இழுப்பு இல்லை. காய்ச்சல்காரனின் கை நடுங்குவது போல ஒரு நடுக்கம். நின்றது. மறுபடி நடுங்கியது. இருமல் என்று ஆமையண்ணனின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார், கப்பலின் அடிமடிப்பில் கயிறு சிக்கியிருந்தது.

ஆபத்துக்கு இறங்க என்று முழுத் தகுதியோடு இன்னொரு டைவர் படகில் தயாராக இருந்தார். தயாராக என்றால், ‘திட்டமிடப்படாத நீர்புகு அனுமதிப் படிவ’த்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வாரியத்தின் படகு ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

“இறங்குவதற்கான காரணம்னு ஒரு வரி இருக்கே, அதை விட்டுட்டீங்களே.”

“கீழ ஆள் மூச்சு முட்டுறான் சார்.”

“அது அனுமானம். காரணம்னா நேர்ல பாத்தது எழுதணும்.”

நேரில் பார்க்க வேண்டுமானால் இறங்க வேண்டும். அந்த டைவர் பேனாவோடு யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஆமையண்ணன் அவர் காலடியில் இருந்த சிலிண்டரை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மீட்டரில் தவளை கப்பலின் வயிற்றை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தான், அதை நகர்த்திவிட்டால் காற்று வரும் என்பது போல. கண்கள் கண்ணாடிக்குள் பெரிதாக இருந்தன. ஆமையண்ணன் சிக்கலை விடுவித்து, அவன் வாயில் இருந்த மூச்சுக்குழாய் நழுவாமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு, பதறாமல் மேலே கொண்டுவந்தார். படகில் கிடத்தியபோது அவன் வாயோரம் இளஞ்சிவப்பு நுரை வந்தது. ஆக்சிஜனை மூக்கில் பொருத்தி, தலையைத் தூக்கி உட்காரவைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவன் ஆமையண்ணனின் சட்டையை விடவில்லை.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர் குனிந்து கேட்டார்: “தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?”

முகமூடிக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவன், இல்லை என்று தலையை ஆட்டினான்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, அவன் பாதத்தைப் பிடித்தாள்.

“டேய், இங்க வாரியம் யாரும் இல்லடா. சொல்லுடா.”

அவன் அப்போதும் கதவைத்தான் பார்த்தான். ஆமையண்ணன்தான் மாத்திரையின் பெயரையும், நிறுத்திய நாளையும் சொன்னார். ஐந்தாம் நாள் அவன் பிழைத்து வெளியே வந்தான். இதயத்தை முழுக்கப் பரிசோதித்து யாராவது பொறுப்பேற்று எழுதித் தரும்வரை தண்ணீரில் இறங்கவே கூடாது என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்து அனுப்பினார்கள்.

விசாரணை வாரியத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. அந்த வாரம் முழுக்க ஆமையண்ணனுக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. இப்போது கண்கூடாக நடந்துவிட்டது. இனி பத்தியம் என்கிற பைத்தியக்காரத்தனத்தை நிறுத்துவார்கள் என்று நினைத்தார். இதைச் சொல்ல ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்.

சட்ட உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தார்.

“ஒன்பது ஐம்பதுக்கு ஒருத்தர் இறங்கியிருக்கார். தகுதியுள்ளவர். பத்து ஏழுக்கு அவரை மேலே கொண்டுவந்தது தகுதியற்றவர். தகுதியற்றவர் தண்ணிக்குள்ள இருக்க முடியாது. இல்லாதவர் யாரையும் மேலே கொண்டுவர முடியாது. ஆக, பதிவேட்டின்படி அவர் இன்னும் கீழேதான் இருக்கார்.”

கூடம் திரும்பித் தவளையைப் பார்த்தது. அவன் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தான்.

“அப்படியே விட முடியாது,” என்றார் தலைவர். “பத்து நாளா ஒருத்தர் தண்ணிக்கடியில இருக்கார்னா வெளியில என்ன நினைப்பாங்க? வழி என்ன?”

“அவர் இறங்கவே இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இறங்காதவர் மேலே வரத் தேவையில்ல. கணக்கு நேராகிடும்.”

“மூச்சுத் திணறல்?”

“இறங்காதவருக்கு எப்படிங்க திணறும்?”

தலைவரின் முகம் மலர்ந்தது. “திணறல் இல்லன்னா நோய் இல்ல. நோய் இல்லன்னா முழுத் தகுதி. திங்கக்கிழமையே வேலைக்கு வரலாம். பாத்தீங்களா, வாரியம் மனிதாபிமானமா நடந்துக்குது.”

“ஐயா, டாக்டரு இவனை இறங்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு,” என்று ஆமையண்ணன் எழுந்தார்.

“எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரிக்கு நம்ம அங்கீகாரம் இல்ல. உக்காருங்க. உங்களைப் பத்தியும் இருக்கு.” அவரைப் பற்றி இருந்தது ஒரே வரி: மருந்து உட்கொள்ளும் ஒருவர் தண்ணீரைக் கண்டால் கட்டுப்பாடு இழப்பதாக ஐயுறப்படுவதால், படகிலிருந்து நீக்கி, படகுத்துறையில் கட்டுக்கயிறு அவிழ்க்கும் பணிக்கு மாற்றப்படுகிறார்.

தவளை கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தானின் பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. படகுத்துறையின் கல் ஈரமாக இருந்தது. படகின் தடித்த கயிறு ஒரு குட்டையான இரும்புத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிக் கிடந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவர் பையையும் துழாவிப் படகில் ஏற்றினார். தவளையின் பையில் ஒன்றும் இல்லை.

“மாப்ள,” என்றார் ஆமையண்ணன்.

“தள்ளிப்போன பரிசோதனை எனக்குப் புதன்கிழமை அத்தான்,” என்றான் அவன், தரையைப் பார்த்து. “அக்காகிட்ட சொல்லாதீங்க.” ஏறிவிட்டான். ஏறும்போது மூன்று படிக்கு நடுவில் ஒரு முறை நின்றான். மற்றவர்கள் கவனிக்கவில்லை.

இன்ஜின் உறுமியது. “கயிறு,” என்று படகோட்டி குரல் கொடுத்தார்.

ஆமையண்ணன் தூணுக்கு அருகில் போனார். குனிந்தார். பிறகு நிமிர்ந்து, திரும்பி, சுற்றியிருந்த கயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“என்னாச்சு?” என்றார் ஆய்வாளர்.

“என் மச்சினனை இறக்கிவிடுங்க சார்.”

“அவரு முழுத் தகுதி உள்ளவர்.”

“ஆமா சார். அதனாலதான் கேக்குறேன்.”

ஆய்வாளர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். கயிறு அவிழ்ப்பவர் கயிற்றின் மேல் உட்கார்ந்தால் எந்தப் படிவம் என்று தேடினார். முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை.

“எழுந்திருங்கண்ணே,” என்றார், முதல் முறையாகக் குரல் தாழ்ந்து. “நான் என்னன்னு எழுதுறது?”

படகு முன்னால் இழுத்தது. கயிறு விறைத்து ஆமையண்ணனின் தொடையை நெரித்தது. அவர் இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொண்டு படகையே பார்த்தார். படகில் ஐந்து பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் இருமிக்கொண்டிருந்தான்.